பிளக்ஸிலிருந்து இறங்கியவள்

கொம்பையா தன் அக்கா மகள் முப்பிடாதிக்காக நொச்சிமுக்குப் பேருந்து நிலையத்தில் கட்டிவைத்த வாழ்த்துப் பிளக்ஸிலிருந்து, கட்டிய ஒன்பதாம் நாள் காலை, படத்திலிருந்த முப்பிடாதி சாரக்கம்பைப் பிடித்துக் கீழே இறங்கி, வெள்ளைக் கோட்டை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டு, ஆறு பத்து பஸ்ஸில் ஏறி, கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கப் போய்விட்டாள். டீக்கடையில் அப்போது பதினோரு பேர் நின்றார்கள். பதினோரு பேரும் பார்த்தார்கள், ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. பூக்காரி ஒருத்தி மட்டும், இந்த வெக்கையில் பிள்ளைக்குக் கோட்டுக்குள் வேர்க்காதா என்று கேட்டுவிட்டுக் கதம்பத்தைத் தொடர்ந்து கட்டினாள்.

நிஜ முப்பிடாதி அந்நேரம் வீட்டில், அப்பாவின் செல்போனில், எழுந்ததிலிருந்து நாலாவது தடவையாகப் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் கிடைத்தவர்களின் பெயரெல்லாம் முடிந்து, ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் என்று போட்டு, அதில் ஏழாவதாக அவள் பெயர் இருந்தது. மேலே இருப்பவர்களில் ஏழு பேர் வேண்டாம் என்று விலகினால் அவளுக்கு இடம். ஆறு பேர் விலகினால் கிடையாது. எப்போது தெரியும் என்று கல்லூரிக்குப் போன் போட்டதற்கு, தெரியும்போது தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கையில், வீட்டு வெள்ளாடு ஒன்று குட்டி குறுக்கே கிடந்து இரண்டு நாள் கத்திக் கத்திச் செத்ததை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து வேறு எந்தப் படிப்பும் அவளுக்குப் படிப்பாகவே படவில்லை. இந்த ஒன்றுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தாள், வேறெதற்கும் போடவில்லை.

பிளக்ஸ் வைத்த கதையையும் சொல்லிவிட வேண்டும். நொச்சிமுக்கில் எது நடந்தாலும் பிளக்ஸ் வைத்த பிறகுதான் அது நடந்ததாக அர்த்தம். காதுகுத்தா, பிளக்ஸ். சடங்கா, பிளக்ஸ். செத்துப்போனால்கூடக் கண்ணீர் அஞ்சலி என்று அடித்துக் கட்டுகிறவரைக்கும் செத்தவரைப் பற்றி ஊர் ஒரு நிச்சயமில்லாமல்தான் பேசும். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது, எதிர்க்கட்சி வார்டுக்காரன் தன் கொழுந்தியா நர்சிங் சேர்ந்ததற்கு ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தான், கட்சிக்காரரான கொம்பையாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டியலில் அக்கா மகள் பெயர் வந்திருக்கிறது என்று காதில் விழுந்ததுதான் தாமதம், ஜெபஸ்டினின் டிஜிட்டல் கடைக்கு ஓடினார். முப்பிடாதி பின்னாலேயே ஓடி, மாமா, எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

“ஏழு பேரு என்னட்டி பெரிய ஏழு பேரு?” என்றார் கொம்பையா. “ரெண்டு பேரு டாக்டருக்குப் போயிருவான், ரெண்டு பேரு இஞ்சினியருக்குப் போயிருவான், மிச்சம் மூணு பேரு ஒனக்காவ ஒதுங்கமாட்டானா? கொடைக்கு அப்புறம் வச்சா எவன் பாப்பான்?”

ஜெபஸ்டினிடம் அவளுடைய முகம் ஏற்கெனவே இருந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுத்தவனும் அவன்தான். அப்போதே இடது கன்னத்து அம்மைத் தழும்பை அழித்து, நிறத்தை இரண்டு பங்கு வெளுப்பாக்கி, உதட்டோரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தான். அந்த முகத்தை வெட்டி, எங்கிருந்தோ கிடைத்த வெள்ளைக் கோட்டு உடம்பின்மேல் ஒட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டி, கையில் பத்து மணி பத்து நிமிஷம் காட்டும் வாட்ச் கட்டி, பின்னால் நம் ஊர்ப்பக்கம் யாரும் கண்டிராத ஒரு கறுப்பு வெள்ளைப் பசுவை நிறுத்தி, கால்நடை மருத்துவம் பயிலும் எங்கள் குலவிளக்கே என்று எழுதிக் கொடுத்தான். பயிலப்போகும் என்று போடச் சொல்லி முப்பிடாதி கெஞ்சினாள். இடம் பத்தாது என்று சொல்லிவிட்டான்.

படம் இறங்கிப் போன அன்று சாயங்காலம் ஆறு நாற்பது பஸ்ஸில் திரும்பி வந்த பிளக்ஸ்காரி, பேருந்து நிலையத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தாள். சாரத்தில் கட்டிய பிளக்ஸில் அவள் உருவத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் இருந்தது, ஓட்டை வழியாகக் கட்டணக் கழிப்பறையின் கதவு தெரிந்தது. அம்மா செண்பகவடிவு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள், முகத்தைப் பார்த்ததும் ஓங்கிய கையை இறக்கிவிட்டாள். பெற்ற முகம். தழும்பு இல்லாமல், வெளுத்து, சிரித்துக்கொண்டு நிற்கிற பெற்ற முகம். தன் மகள் இப்படி இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்று அவள் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள், அதை இப்போது வாசலில் வைத்து விரட்ட மனம் வரவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் பிளக்ஸ்காரி ஒரு தாள் கனம்தான் இருந்தாள். முதுகுப்பக்கம் முழுக்க வெள்ளை. வந்தாள், முப்பிடாதி படிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள், நாளைக்கு உடற்கூறியல் வகுப்பு இருக்கிறது, ஐந்தரைக்கு எழுப்பிவிடுங்கள் என்று பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி பேசுகிற தமிழில் சொன்னாள். செண்பகவடிவு சரி என்றாள்.

அப்பா மாடக்கண்ணு அதே பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பஸ்ஸை யாருக்காகவும் ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தவரில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பரீட்சை அன்றைக்கு, செருப்பு அறுந்து, இருபதடி தூரத்தில் அப்பா அப்பா என்று கத்திக்கொண்டு ஓடிவந்த மகளைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதினார். அவள் அடுத்த பஸ்ஸில் போய்ப் பதினெட்டு நிமிஷம் பிந்தி எழுதினாள். அந்தப் பதினெட்டு நிமிஷம்தான் பிள்ளையைப் பட்டியலில் கோட்டுக்குக் கீழே தள்ளியது என்று செண்பகவடிவு சண்டை வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாள். அப்படிப்பட்ட மனிதருக்கு, எப்போதும் பத்து பத்தையே காட்டிக்கொண்டிருக்கும் வாட்சைக் கட்டிக்கொண்டு வீட்டில் ஒருத்தி உலவுவது முதல் வாரம் பொறுக்க முடியவில்லை. இரண்டாவது வாரம் பார்க்காமல் இருந்து பழகினார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், காற்று பலமாக அடித்துப் பிளக்ஸ்காரி வழியில் ஒரு கம்பத்தில் சுற்றிக்கொண்டுவிட, அவள் பிரிந்து வந்து சேரும்வரைக்கும் ஆறு பத்து பஸ்ஸை ஆறு பன்னிரண்டு வரை நிறுத்திவைத்தார். டிரைவர் திரும்பிப் பார்த்ததற்கு, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, போகட்டும் என்றார். இதை முப்பிடாதியிடம் கண்டக்டர்தான் சொன்னார், சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னார்.

ஊர் அவளை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கண்டக்டருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, எவ்வளவு கூட்டமானாலும் இரண்டு பேருக்கு நடுவில் அவளைச் செருகிவிடலாம். கல்லூரி வாசலில் காவல்காரர் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை, விட்டார். வகுப்பில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை, ஆனாலும் கடைசி பெஞ்சில் சிரித்த முகமாக அசையாமல் உட்கார்ந்து கேட்கிற ஒரு மாணவியை எந்த வாத்தியார் எழுப்பி விரட்டுவார்? அந்த வாரம் என்ன பாடம் நடந்ததோ, சனிக்கிழமை ஊருக்குள் அதுதான் வைத்தியம். ஈரல் பாடம் நடந்த வாரத்தில் நொச்சிமுக்கின் ஆடு, மாடு, கோழி அத்தனைக்கும் ஈரல் நோய் என்று சொல்லப்பட்டது, அத்தனைக்கும் கீழாநெல்லி அரைத்து ஊற்றப்பட்டது, பாதி பிழைத்தது. பிழைத்ததை டாக்டர் பிழைக்கவைத்தாள், செத்தது அதன் விதிப்படி செத்தது. துட்டிவீட்டுக்குப் போனாலும் அவளால் சிரிப்பை மாற்ற முடியாது, பிணத்தின் தலைமாட்டில் பல் தெரிய நிற்பாள், ஜனங்கள் டாக்டர்மாருக்கு எப்போதும் சிரித்த முகம்தான் என்று மெச்சிக்கொண்டார்கள். அவளுக்கு முதுகு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அவள் தாண்டிப் போனதும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வது ஊரில் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. மழை வந்தால் யாராவது ஓடிவந்து துணியால் துடைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள், தலைமையாசிரியை மேடையில் அவள் தோளைத் தொட்டு, நான் படிக்கவைத்த பிள்ளை என்று சொல்லிக் கண் கலங்கினார். அந்தத் தலைமையாசிரியையிடம் ஆறு வருஷம் படித்தவள் மேடைக்குக் கீழே மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வயர் தடுக்குகிறது, சீக்கிரம் எடு என்று அவரே ஜாடை காட்டினார்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கூப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவு. முதலில் டாக்டர் முப்பிடாதி, வெயிட்டிங் லிஸ்ட் முப்பிடாதி என்று சொன்னார்கள். நாக்குக்கு அவ்வளவு நீளம் தாங்கவில்லை. டாக்டரை முப்பிடாதி என்றும், முப்பிடாதியை வெயிட்டிங்கு என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏ வெயிட்டிங்கு, அந்தக் கிடாயைக் கொஞ்சம் பிடி. ஏ வெயிட்டிங்கு, டாக்டரம்மா வந்தாச்சா பாரு. மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கூப்பிடவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேலி செய்தால் திருப்பித் திட்டலாம், இவர்கள் கேலி செய்யவே இல்லை.

கிடாயைப் பிடிக்க அவள் வேண்டித்தான் இருந்தது. பிளக்ஸ்காரியால் எதையும் பிடிக்க முடியாது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் கை மடங்கிவிடும், ஆடு முட்டினால் சுருண்டுவிடும். அதனால் அவள் தூர நின்று சொல்லுவாள், முப்பிடாதி செய்வாள். வாயைப் பிளந்து மருந்தைச் சரிப்பதும், குளம்புக்குள் குத்தியிருக்கும் முள்ளைத் தோண்டுவதும், புழு வைத்த புண்ணைக் கழுவுவதும் எல்லாம் அவள் கைதான். வெயிலில் நின்று நின்று அவள் கறுத்துப்போனாள், கன்னம் ஒட்டிப்போயிற்று, மேலெல்லாம் எந்நேரமும் ஆட்டு வாடை அடித்தது. ஒருநாள் தனியாக இருந்தபோது பிளக்ஸ்காரியிடம் கேட்டே விட்டாள்.

“நீ எப்பம் போவ?”

“எங்கே போக வேண்டும்? எனக்கு இடம் கிடைத்திருக்கிறது.”

“எனக்கே இன்னும் தெரியல. ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“எழுதியிருக்கிறதே” என்றாள் பிளக்ஸ்காரி, சிரித்த முகமாக. அவள் சொன்னதில் பொய் இல்லை, ஊர் நடுவில் எட்டடி அகலத்துக்கு எழுதித்தான் இருந்தது.

செண்பகவடிவு கொடுமைக்காரி அல்ல. ஆரம்பத்தில் செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மன் கோவிலுக்குப் போய், தாயே, விலக வேண்டிய ஏழு பேருக்கும் இதைவிட நல்ல இடமாகக் கொடு என்று கும்பிட்டாள். எண் ஐந்துக்கு இறங்கியது. அதோடு பத்து நாள் நகரவில்லை. அப்புறம், தாயே, ஐந்து பேருக்கும் காலொடியட்டும், ஒரு சட்டி மாவிளக்கு எடுக்கிறேன் என்று கும்பிட்டாள். நாலுக்கு வந்தது. முப்பிடாதி ராத்திரியும் பகலும் அந்த நாலைப் பார்த்தபடி கிடந்தாள், முகம் தெரியாத நாலு பேர் பஸ்ஸுக்கு அடியில் விழுவதாக அவளுக்குள்ளேயே கற்பனை ஓடியது, ஓடியதற்காக அவள் அழவில்லை. ஆனால் செண்பகவடிவுக்குக் கோவிலுக்குப் போவது மெல்ல நின்றுபோயிற்று. தெருவில் போனால் டாக்டரம்மாவோட அம்மா என்கிறார்கள். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரச் சொல்கிறார்கள். இதெல்லாம் கிடைத்தபின் அம்மனிடம் கேட்க என்ன மிச்சம் இருக்கிறது? கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகவென்று சித்திரையிலேயே எடுத்துவைத்திருந்த மயில்கழுத்து நிறச் சுடிதாரை ஒருநாள் அவள் பிளக்ஸ்காரியின் கோட்டுக்குள் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். முப்பிடாதி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வீட்டுல கெடக்கதுக்கு ஒனக்கு எதுக்குட்டி புதுசு?” என்றாள் அம்மா, கொக்கியை மாட்டியபடி. “ஒனக்குக் கெடைக்கும்போது வேற எடுப்போம்.”

விருந்தாள் வந்தால் முப்பிடாதி அடுப்படியை விட்டு வரக்கூடாது என்றானது. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் வந்தவர்கள் குழம்பிவிடுவார்களாம். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் படிப்பு முடியட்டும், சொல்லிவைக்கிறோம் என்று வந்தார்கள். பிளக்ஸ்காரியை முன்பக்கமாக உட்காரவைத்து, பின்பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் நாற்காலியைப் போட்டிருந்தாள் செண்பகவடிவு. அதிகம் பேசமாட்டாளோ என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். பேசமாட்டாள், சாப்பாடும் ரொம்பக் கம்மி என்று கொம்பையா பெருமையாகச் சொன்னார். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் கீழத்தெரு மரியபுஷ்பத்தின் ஆடு குட்டிபோட முடியாமல் விழுந்துகிடந்தது. ஆட்கள் வந்து பிளக்ஸ்காரியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பிடிப்பதற்கு முப்பிடாதியும் போனாள். குட்டி குறுக்கே கிடந்தது. பிளக்ஸ்காரி எட்ட நின்று, இது மூன்றாம் ஆண்டுப் பாடம், இன்னும் நடத்தவில்லை என்றாள். ஆடு முப்பிடாதியைப் பார்த்துக் கத்தியது. அந்தக் கத்தலை அவளுக்குத் தெரியும், ஐந்து வருஷமாக அது அவள் காதைவிட்டுப் போனதில்லை. சட்டென்று முழங்கைவரை விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டாள், குட்டியின் காலைத் தேடினாள், தலையைத் தேடினாள், ஆடு மூச்சு விடுகிற நேரம் பார்த்துக் குட்டியைப் பின்னால் தள்ளி, திருப்பி, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். குட்டி வந்து விழுந்தது. மூக்கில் ஊதினாள், இருமியது, எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. வாழ்க்கையில் இதற்குமேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது, யாராவது ஒருவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று தோன்றியது. மரியபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பிளக்ஸ்காரியின் கால்மாட்டில் விழுந்து கும்பிட்டாள். தாயி, நீ பக்கத்தில் நின்றதால்தான் பிழைத்தது என்றாள். அப்புறம் முப்பிடாதியைப் பார்த்து, ஏ வெயிட்டிங்கு, அந்தக் கையைக் கழுவு, வீச்சம் தாங்கலை என்றாள்.

எண் இரண்டுக்கு வந்து பத்தொன்பது நாள் நின்றது. கடைசியில் புரட்டாசி மாதத்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் செல்போனுக்குச் செய்தி வந்தது. முப்பிடாதி, தந்தை பெயர் மாடக்கண்ணு, காத்திருப்போர் வரிசையிலிருந்து இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, நாளை மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு பெற்றோருடன் நேரில் வர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். முப்பிடாதி அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தாள். பிறகு அடுப்படியில் குனிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அம்மா வந்து தலையைத் தடவுவாள் என்று நினைத்தாள். அம்மா கொம்பையாவைக் கூட்டி வர ஆள் அனுப்பியிருந்தாள்.

கொம்பையா வந்து வெகுநேரம் மோவாயைச் சொறிந்தார். பெயர் ஒன்று, இடம் ஒன்று என்றார். ஊர் பூராவும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லியாகிவிட்டது, இனிமேல்தான் சேரப்போகிறாள் என்று சொன்னால் பிளக்ஸ் வைத்தவன் முகத்தில் எவன் முழிப்பான், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். மாடக்கண்ணு, முதலில் பஸ் நேரத்தைப் பார்ப்போம் என்றார். கடைசியில் எல்லோருமாகப் போவோம், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அம்மா முடித்தாள். முப்பிடாதி அதற்கு நல்ல அர்த்தம் எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் தலைக்கு ஊற்றி, துவைத்த பழைய சுடிதாரைப் போட்டு, சான்றிதழ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற பிளக்ஸ்காரியைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இனி எங்கே போவாள், பாவம், அந்த ஓட்டைக்குள்ளேயேதான் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தாள். சன்னல் காற்றில் பறந்துவிடாமல் அவளைக் கையால் பிடித்துக்கொண்டும் வந்தாள்.

சேர்க்கை அலுவலகத்தில் கூட்டமான கூட்டம். இவர்களுடைய முறை வந்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது. அலுவலர் களைத்துப்போன மனிதர், காலையிலிருந்து எத்தனையோ முகங்களை விண்ணப்பத்துப் போட்டோவோடு ஒத்துப் பார்த்து ஓய்ந்திருந்தார். போட்டோவைப் பார்த்தார். பிளக்ஸ்காரியைப் பார்த்தார். அச்சாக அதே முகம், அதே வெளுப்பு, அதே உதட்டோரம். முப்பிடாதியைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார், கறுத்துப்போன கன்னத்தைப் பார்த்தார்.

“இதில் முப்பிடாதி யாரு?”

“நான்தான் சார்” என்றாள் முப்பிடாதி.

“போட்டோவில் இருக்கிறது நீ இல்லையேம்மா.”

“போட்டோக்காரன் அழிச்சிட்டான் சார். நான்தான் படிச்சேன், நான்தான் எழுதுனேன். வேணும்னா கேள்வி கேளுங்க சார், ரெண்டு பேரையும் கேளுங்க. குட்டி குறுக்க கெடந்தா என்ன செய்யணும்னு கேளுங்க.”

அலுவலர் அவளைக் கோபிக்கவில்லை. அதெல்லாம் படித்து முடிக்கும்போது தெரிந்தால் போதும், சேருவதற்குத் தெரிய வேண்டியதில்லை என்று பொறுமையாகவே சொன்னார். பிறகு பெற்றவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள், இதில் உங்கள் மகள் யார் என்று கேட்டார்.

மாடக்கண்ணு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கொம்பையா செண்பகவடிவைப் பார்த்தார். செண்பகவடிவு இரண்டு முகத்தையும் பார்த்தாள், தழும்பு உள்ளதில் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். அவளை எண்ணெய் தேய்த்து வளர்த்தது, அம்மை வார்த்தபோது வேப்பிலை விரித்துப் பக்கத்தில் உறங்காமல் கிடந்தது, எல்லாம் அவளுக்கு நினைவு இருந்தது. இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆனால் இவள் படிக்க வந்துவிட்டால் அங்கே குடம் தூக்க யார் இருக்கிறார்கள், ஆட்டைப் பிடிக்க யார் இருக்கிறார்கள், கோட்டுக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“கோட்டுப் போட்டுருக்கவதான் சார்” என்றாள்.

“அப்ப இந்தப் பொண்ணு?”

“ஒத்தாசைக்குக் கூட வந்திருக்கா.”

முப்பிடாதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அலுவலரின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ் பையை மார்பிலிருந்து கொம்பையாதான் எடுத்துக் கொடுத்தார், கையைக் கொஞ்சம் பலமாகவே விலக்க வேண்டியிருந்தது. அலுவலர் முத்திரை எல்லாம் குத்தி முடித்து, மைப்பலகையை நகர்த்தி, இடது பெருவிரலை வை என்றார். பிளக்ஸ்காரி வைத்தாள். தாளில் வழவழவென்று ஒரு கறை விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடியும் கறைதான். அச்சில் ரேகை ஏறவில்லை. ரேகை இல்லாமல் சேர்க்கை இல்லை என்றார் அலுவலர். நாலு மணிக்கு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் எட்டாம் எண்ணைக் கூப்பிடுவேன், யாராவது ஒரு விரலை வையுங்கள் என்றும் சொன்னார்.

செண்பகவடிவு முப்பிடாதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். முப்பிடாதி கையை இறுக மூடிக்கொண்டாள். எட்டாம் எண்ணில் ஒருத்தி இருக்கிறாள், தன்னைப் போலவே எழுந்ததும் செல்போனைத் திறந்து பார்க்கிறவள், அவளுக்காவது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, ஆட்டைப் பிடித்துப் பழகிய கை அது. அப்போதுதான் மாடக்கண்ணு அன்றைக்கு முதல்முறையாக மகளிடம் பேசினார்.

“மணி மூணு அம்பத்தெட்டு” என்றார். கெஞ்சுகிற குரல். “நேரம் ஆகுதுட்டி.”

அந்தக் குரலை அவள் அப்படிக் கேட்டதில்லை. பதினெட்டு நிமிஷம் பிந்தி ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்தவள் அவள், நேரம் ஆகிறது என்று அப்பா சொன்னால் அவள் உடம்பு தானாகவே ஓடத் தொடங்கிவிடும். விரல்கள் விரிந்துவிட்டன. அம்மா பெருவிரலை எடுத்து மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். ரேகை நன்றாக விழுந்தது, ஆட்டின் வயிற்றுக்குள் பட்ட கீறல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அலுவலர் திருப்தியாக அதை ஊதி உலர்த்தினார். அருகில் பிளக்ஸ்காரி சிரித்தபடி நின்றாள்.

“ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் அவர், தாளைக் கோப்பில் வைத்தபடி. “இந்த ரேகையைத்தான் ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒத்துப் பார்ப்போம். ஐந்து வருஷத்துக்கும் மாறக்கூடாது.”

“அதுக்கென்ன சார்” என்றாள் செண்பகவடிவு, சேலை முந்தானையால் மகளின் விரல் மையை அழுந்தத் துடைத்துக்கொண்டே. “இவ வீட்டுல சும்மாதான இருக்கா. எப்பம் வேணும்னாலும் கூட்டிட்டு வாரோம்.”